குடிப் பாட்டும் கூலிப் பணமும்

(கொடை விழாவுக்கு வரி பிரிப்பதற்கு முன்பாக, சாலையில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. இதழுக்காகச் சற்றுச் சுருக்கி வெளியிடப்படுகிறது.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பாட்டு. பாட்டைப் பற்றிப் பேச ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன யோக்கியதை என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சங்கீதம் படித்தவனல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு முடிந்தது. ஆனால் என் வேலை எனக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. ஒரு பார்சல் வந்தால் அனுப்பியவர் யார், பெறுகிறவர் யார், கட்டணம் கட்டியது யார் என்று மூன்றையும் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இன்றைக்கு ஊரெல்லாம் முழங்குகிற குடிப் பாட்டுகளையும் அந்த மூன்று கேள்விகளை வைத்தே பார்க்கப் போகிறேன். அனுப்புகிறவர் யார்? பெறுகிறவர் யார்? கட்டணம் கட்டுவது யார்?

பாட்டே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பாட்டில்லாத கொடை உண்டா? நாள் முழுவதும் மூட்டை சுமந்தவனுக்கு ஒரு இராத்திரி பாட்டுக் கேட்க உரிமையில்லையா? நிச்சயமாக உண்டு. நம்முடைய பணத்தில், நம்முடைய மேடையில், நம்முடைய பிள்ளைகளுக்கு முன்னால் எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார் என்பதே நம்முன் உள்ள பிரச்சினை.

பாட்டுக்குள் இருப்பது என்ன?

இன்றைய குடிப் பாட்டுகளைக் கூர்ந்து கேளுங்கள். மெட்டு பலவாக இருந்தாலும் சங்கதி ஒன்றுதான். காதலில் தோற்றால் குடி. நண்பனுக்குக் கல்யாணமானால் குடி. வேலை போனால் குடி, வேலை கிடைத்தால் குடி. ஆணாய்ப் பிறந்தவனின் துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் ஒரே மருந்து, ஒரே விருந்து. 2011-இல் வெளிவந்து நாடு முழுவதும் பிள்ளைகள் வாயில் புரண்ட 'கொலைவெறி' பாட்டும், காதலில் தோற்றவன் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு புலம்புகிற பாட்டுத்தான்.

இந்தப் பாட்டுகளில் எது இல்லை என்று பாருங்கள். சனிக்கிழமை கூலி வாங்குகிறவன் வருகிறான். அந்தக் கூலி வீடு வந்து சேர்ந்ததா என்ற செய்தி வருவதில்லை. மனைவி வந்தால் திட்டுவதற்கு மட்டுமே வருகிறாள். ரேஷன் கார்டு வராது. பள்ளிக்கூடப் பீஸ் வராது. கைமாற்று வாங்கின கடன் வராது. புட்டி விலையில் வரி எவ்வளவு என்பது வரவே வராது. குடிக்கிறவனின் கதையில் முக்கால்வாசியை வெட்டிவிட்டுக் கால்வாசியை மட்டும் தாளம் போட்டுக் கொடுக்கிறார்கள்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒருவன் நாளொன்றுக்கு 200 ரூபாய் குடிக்குக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் 5,000 ரூபாய். ஆண்டுக்கு 60,000 ரூபாய். சீட்டுக் கட்டியிருந்தால் ஒரு பெண்பிள்ளையின் நர்சிங் படிப்புக்கு முதல் தவணையாகும். இந்த 60,000 ரூபாயைப் பற்றி எந்தக் குழுவாவது நம் மேடையில் ஒரு பாட்டுப் பாடியதுண்டா?

மேடையில் நிற்பவரும் தொழிலாளிதான்

பாட்டுக்குப் பின்னால் இருக்கும் குழுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்லிசைக் குழு என்கிறோம்; மலையாளிகள் கானமேளா என்கிறார்கள். 1969-இல் ஆபேல் பாதிரியார் கொச்சியில் தொடங்கிய கலாபவன் போன்ற அமைப்புகளால் கேரளத்தில் இது பெரிய கலையாக வளர்ந்தது. உத்சவம் என்றால் கானமேளா, கொடை என்றால் மெல்லிசை என்றாகிவிட்டது.

இந்தக் குழுக்காரர்களை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீபோர்டு வாசிப்பவரும் பேட் அடிப்பவரும் நம்மைப் போல அன்றாடங் காய்ச்சிகள். பங்குனி, சித்திரையில் வேலை, ஆடியில் கொஞ்சம், மற்ற மாதங்களில் ஈரத்துணி. பிராவிடண்ட் பண்டு கிடையாது. இராத்திரி இரண்டு மணிவரை வாசித்துவிட்டு வேனில் உட்கார்ந்தபடியே தூங்கி அடுத்த ஊருக்குப் போகிறவர்கள். சில இடங்களில் பேசின தொகையைக் குறைத்துக்கொண்டு, "ஒரு புட்டி தருகிறோம், சரிக்கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற விழாக் குழுக்களும் உண்டு. இது எவ்வளவு அக்கிரமம்! தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் திராட்சைத் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாக மதுவையே ஊற்றிக் கொடுக்கும் 'டாப்' முறை தலைமுறை தலைமுறையாக நடந்தது. சட்டம் தடுத்த பிறகும் அதன் நோய் அந்தக் குடும்பங்களை விடவில்லை. கூலிக்குப் பதில் குடி என்பது எங்கே நடந்தாலும் அது அடிமை முறையின் மிச்சம்.

குழுக்காரர் தாமாகவா குடிப் பாட்டைப் பாடுகிறார்? கீழேயிருந்து துண்டுச் சீட்டுப் போகிறது. சீட்டோடு ஒரு நூறு ரூபாய் நோட்டும் போகிறது. "இந்தப் பாட்டைப் பாடு, இன்னாருடைய அன்பளிப்பு" என்று மைக்கில் பெயர் வரும். ஒரே பாட்டு மூன்று தடவை ஒலிக்கும். சீட்டு அனுப்புகிறவர் ஐந்து பேர். வரி கொடுத்தவர் முந்நூறு வீட்டார். முந்நூறு வீட்டு வரிப்பணத்தில் போட்ட மேடையை ஐந்து பேருடைய நோட்டு ஆட்டிவைக்கிறது. இது ஜனநாயகமா?

பாட்டு நம் பக்கம் இருந்த காலம்

தமிழில் பாட்டுக்காரர்கள் எப்போதும் இப்படித்தான் இருந்தார்களா? இல்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சங்கப் புலவர்கள் கள்ளைப் புகழ்ந்ததும் உண்டு. அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் சுதந்திரப் போராட்டம் நடந்த காலத்தில் பாட்டும் நாடகமும் பெரும்பாலும் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றன. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாவும் நின்றார்கள். அதே காலத்தில் இந்த மண்ணில், செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, கள் இறக்குவதைப் பிழைப்பாகக் கொண்ட தம் சமுதாயத்துக்கே கள்ளை விடச் சொன்னார்.

சினிமா பேச ஆரம்பித்த காலத்திலும் இந்தப் போக்கு இருந்தது. 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' எம்.ஜி.ஆரின் முதல் படம் என்று நமக்குத் தெரியும். அதன் கதை என்ன? எஸ்.எஸ். வாசன் எழுதியது. குடியால் கெட்ட ஒருவன் கொலை செய்துவிட்டதாக நினைத்து இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். குடி ஒரு மனிதனை ஊரைவிட்டு ஓட்டி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சொன்ன படம் அது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அதன் அர்த்தம் இன்னும் நன்றாகப் புரியும்.

நம் பக்கத்து ஊர்க்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில், அன்றைய திருவிதாங்கூர் சீமையில் பிறந்தவர். வில்லுப்பாட்டு அவர் கைவந்த கலை. சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்த மறு ஆண்டே, அண்ணா கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி' படத்தில் குடியின் கேட்டைச் சிரிக்கச் சிரிக்கப் பாட்டாக்கினார். குடிகாரனை அடித்துத் திருத்தவில்லை. சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்தார். அந்த வித்தை இன்று நமக்குத் தேவைப்படுகிறது.

பிறகு என்ன நடந்தது? 1963-இல் 'ரத்தத் திலகம்' படத்தில் கவிஞர் கண்ணதாசனே திரையில் தோன்றி, கோப்பையைக் கையிலேந்தித் தம் வாழ்வைப் பாடுவதாக ஒரு காட்சி வந்தது. பாட்டு அருமையான பாட்டு, டி.எம். சௌந்தரராஜன் குரல். அதில் இருந்தது கவிஞனின் தனி மனத் துயரம். ஆனால் பின்னால் வந்தவர்கள் கவிதையை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். திரையில் குடிக்க மாட்டேன் என்ற கொள்கையுடைய எம்.ஜி.ஆர். 1968-இல் தமது நூறாவது படமான 'ஒளி விளக்கு' படத்தில் ஒரு காட்சியில் குடித்தவராக வருகிறார். உடனே அவருடைய மனசாட்சி உருவெடுத்து வந்து அவரையே இடித்துரைத்துப் பாடுகிறது. குடிக்கிற காட்சியிலும் குடிக்கு எதிரான பாட்டு! அன்றைக்கு ரசிகனிடம் ஒரு கூச்சம் இருந்தது. அதைச் சினிமாக்காரரும் அறிந்திருந்தார்.

அந்தக் கூச்சம் எப்போது போயிற்று? கடை வந்த பிறகு போயிற்று.

கடை திறந்த கதை

தேதிகளை வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் கலைஞர் அரசு அதை நிறுத்தி வைத்தது. 1974-இல் மறுபடி கொண்டுவந்தது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு மதுவிலக்கை நீக்கியது. 1983-இல் டாஸ்மாக் கம்பெனியைத் தொடங்கியது. மனசாட்சி பாடிய அதே நடிகரின் ஆட்சியில்! 1990-இல் கலைஞர் அரசு மலிவு விலை மது கொண்டுவந்தது. 1991-இல் ஜெயலலிதா அரசு அதை ஒழித்தது. அதே ஜெயலலிதா அரசுதான் 2003-இல் சில்லறைக் கடைகள் முழுவதையும் டாஸ்மாக் கையில் கொடுத்தது. தனிப்பட்ட ஒரு கட்சியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கட்சி மாறிற்று, கொடி மாறிற்று, கல்லாப்பெட்டி மாறவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். 2023-24-ஆம் ஆண்டில் மது மூலம் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய்.

கேரளத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். இங்கே 1984-இல் பிவரேஜஸ் கார்ப்பரேஷன் வந்தது. 1996 ஏப்ரல் முதல் தேதி சாராயத்தை ஏ.கே. ஆன்டணி அரசு தடை செய்தது. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் விஷச் சாராயம் குடித்து 31 பேர் இறந்தார்கள். சிலர் கண் பார்வை இழந்தார்கள். 2014-இல் மதுக்கூடங்களை மூடினார்கள்; 2017-இல் திறந்தார்கள். 2024-25-இல் கார்ப்பரேஷனின் விற்பனை 19,000 கோடி ரூபாயைத் தாண்டிற்று. 2023-இல் ஒரு புதிய வரி போட்டார்கள்: 500 ரூபாய் முதல் 999 வரை விலையுள்ள புட்டிக்கு 20 ரூபாய், 1,000-க்கு மேல் 40 ரூபாய். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? சமூகப் பாதுகாப்பு வரி! மூட்டைத் தொழிலாளி குடித்துக் கெட்டால், அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து ஏழைக்குப் பென்ஷன் கொடுப்பார்களாம். ஏழையின் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுகிற கணக்கு இது.

அரசாங்கமே கடைக்காரராக இருக்கும் நாட்டில் குடிப் பாட்டு என்பது என்ன? மது விளம்பரத்துக்குச் சட்டப்படி தடையுண்டு. பத்திரிகையில் போட முடியாது, டி.வி.யில் காட்ட முடியாது. ஆனால் ஒரு பெரிய நடிகர் புட்டியோடு ஆடினால் அது கலை. கீழே சின்ன எழுத்தில் எச்சரிக்கை ஓடும். மேலே பெரிய திரையில் ஆட்டம் ஓடும். பத்து வயதுப் பிள்ளை எதைப் பார்க்கும்? கம்பெனி காசு கொடுத்துத்தான் இந்தப் பாட்டுகள் எழுதப்படுகின்றன என்று நான் சொல்ல மாட்டேன். ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டக் கூடாது. ஆனால் காசு கொடுக்காமலேயே கடைக்கு விளம்பரம் நடந்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

நடுச்சாமத்தில் கைது

எதிர்ப்பக்கத்தில் பாடிய ஒரு குழுவின் கதை உண்டு. நம் இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

2015 ஜூலை 31. குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்குப் பழகின இடம். ஒரு டாஸ்மாக் கடையை அகற்றக் கோரிக் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடினார். இறங்கும்போது அவர் உடலில் உயிரில்லை. தமிழ்நாடு கொதித்தது. பெண்களும் மாணவர்களும் கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள்.

மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கலைக்குழு அந்தச் சமயத்தில் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தது. குழுவின் முன்னணிப் பாடகர் கோவன். இயற்பெயர் சிவதாஸ். பெரிய ஸ்டுடியோ இல்லை, பெரிய இசையமைப்பாளர் இல்லை. தெருப்பாட்டு மெட்டு, பறை, கூடச் சேர்ந்து பாடப் பத்துப் பேர். டாஸ்மாக்கை மூடு என்று கேட்டது ஒரு பாட்டு. ஊருக்கு ஊர் சாராயம் விற்கும் அரசைக் கேலி செய்தது இன்னொரு பாட்டு. முதலமைச்சரையும் விட்டுவைக்கவில்லை. இணையத்தில் ஏற்றினார்கள். பரவிற்று.

2015 அக்டோபர் 30, நடுச்சாமம் கழிந்த நேரம். திருச்சியில் கோவன் வீட்டுக்குப் போலீசார் வந்தார்கள். அவரைப் பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். என்ன குற்றம்? ராஜத்துரோகம்! இந்தியத் தண்டனைச் சட்டம் 124-ஏ பிரிவு. 1908-இல் வெள்ளைக்காரன் நம் வ.உ.சி. மீது போட்ட அதே பிரிவு. கப்பலோட்டியதற்குப் போட்ட சட்டத்தைச் சாராயக் கடையை மூடச் சொன்னவர் மீது போட்டார்கள். நவம்பரில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. போலீஸ் காவலில் வைத்து விசாரிக்க வேண்டும் என்று அரசு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. அங்கே அது எடுபடவில்லை. கைது செய்ததால் பாட்டு அடங்கிற்றா? அதுவரை கேட்காதவர்களும் தேடிக் கேட்டார்கள்.

2016 தேர்தலில் மதுவிலக்கு எல்லாக் கட்சியின் வாயிலும் வந்தது. தேர்தல் முடிந்து பதவியேற்றதும் ஜெயலலிதா 500 கடைகளை மூடவும், காலை 10 மணிக்குத் திறந்ததைப் பகல் 12 மணிக்கு மாற்றவும் உத்தரவிட்டார். ஒரு பாட்டால் மட்டும் இது நடந்ததென்று சொல்ல முடியாது. மறியலில் நின்ற பெண்களின் பலம் அது. ஆனால் அந்தப் பெண்களின் வாயில் ஒரு பாட்டு இருந்தது.

இன்னொரு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023-இல் 'லியோ' படப் பாட்டொன்றில் புகையும் மதுவும் புகழப்படுவதாக எதிர்ப்புக் கிளம்பியது. தணிக்கை வாரியம் சில வரிகளை நீக்கச் சொன்னது, எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள், படம் ஓடிற்று. குடிக்கச் சொல்லும் பாட்டுக்குக் கத்தரிக்கோல். குடிக்க வேண்டாம் என்ற பாட்டுக்குச் சிறை! சினிமாக்காரரைச் சிறையில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட்டுக்காக யாரையுமே சிறையில் போடக் கூடாது. எந்தப் பாட்டைக் கண்டு அதிகாரம் பயப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். 2022-இல் உச்சநீதிமன்றம் 124-ஏ பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் 152-ஆம் பிரிவு என்ற பெயரில் அதன் நிழல் இருக்கிறது.

மெட்டை எடு, சொல்லை மாற்று

பாட்டுக்குப் பதில் பிரசங்கம் வைத்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள். பாட்டுக்குப் பதில் பாட்டுத்தான் வைக்க வேண்டும். அமெரிக்காவில் நூறாண்டுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜோ ஹில் என்று ஒரு தொழிலாளி. ஸ்வீடன் தேசத்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். நம்மைப் போல வந்தேறி. தெருமுனையில் தொழிற்சங்கத்தார் பேச நின்றால், எதிரே இரட்சணிய சேனையின் பேண்டு வாத்தியம் முழங்கிப் பேச்சை மூழ்கடித்துவிடும். சங்கத்தார் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பேண்டு வாசித்த அதே மெட்டுக்கு ஜோ ஹில் போன்றவர்கள் கூலி, பசி, ஒற்றுமை பற்றிய சொற்களைப் போட்டார்கள். எதிரே வாசிக்கிற வாத்தியமே இவர்களுக்குப் பக்கவாத்தியமாயிற்று! 1915-இல் ஜோ ஹில்லுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அவர் பாட்டுகளை உலகத்துத் தொழிலாளிகள் இன்றும் பாடுகிறார்கள்.

இன்னும் கிட்டே வாருங்கள். 1992-இல் ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில், அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற ஏழைப் பெண்கள் பாடப் புத்தகத்தில் ஒரு சாராயக் கதை படித்தார்கள். எழுந்து போய்த் தங்கள் ஊர்க் கடையை மூடினார்கள். அது மாவட்டமெங்கும் பரவியது. மறு ஆண்டு அரசாங்கம் சாராயத்தைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. கதையும் பாட்டும் ஏழைப் பெண் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. இங்கே கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத்து கலா ஜாதா நடத்தி ஊர் ஊராகப் பாடியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள்.

சிலர் சொல்லும் சமாதானங்கள்

"பாட்டைக் கேட்டா ஒருவன் குடிக்கிறான்?" என்று கேட்கிறார்கள். இல்லைதான். பாட்டைக் கேட்டுக் குடிப்பவனைவிட முதுகு வலிக்குக் குடிப்பவன் அதிகம். சாலையில் நூறு மூட்டை இறக்கியவனுக்கு உடம்பு நெருப்பாய் எரியும். அதற்கு மருந்து சுமை அளவுக்கு வரம்பு, முறையான ஓய்வு, ஈ.எஸ்.ஐ., நல நிதி. 1978-இல் கேரளத்தில் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்ததே, அது சும்மாவா வந்தது? சங்கமாக நின்று வாங்கியது. ஆனால் பாட்டு என்ன செய்கிறது? "வலிக்கிறது, கூலியைக் கூட்டு" என்று கேட்க வேண்டியவனை "வலிக்கிறது, ஒரு கிளாஸ் ஊற்று" என்று திருப்பிவிடுகிறது. ஒரு கோரிக்கை குடியில் கரைந்து போகிறது. முதலாளிக்கு இதைவிட லாபமான பாட்டு உண்டா?

"குடிக்காத மலையாளி உண்டா? நம்மை மட்டும் ஏன் சொல்கிறாய்?" என்கிறார்கள். பிவரேஜஸ் வரிசையில் மலையாளியும் நிற்கிறான், தமிழனும் நிற்கிறான், வங்காளத்துப் பையனும் நிற்கிறான். அந்த வரிசையில் பாஷை பேதமில்லை. ஆனால் வரிசையைவிட்டு வெளியே வந்து இருவர் சண்டையிட்டால், ஒருவனுக்குப் 'பாண்டி' என்ற பட்டம் கிடைக்கிறது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டத்தைச் சுமப்பது நம் பிள்ளை. திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான இந்தக் கடைவீதியில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் நாம். நம் கொடை மேடையில் நடுராத்திரி எந்தப் பாட்டு ஒலிக்கிறதோ, அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டார் நம்மை எடை போடுவார்கள். உழைப்பாளி என்று பெயர் வாங்குவதா, குடிகாரன் என்று பெயர் வாங்குவதா?

"குடிகாரனைத் திட்டி ஒதுக்கு" என்பார் சிலர். அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்களே, அவர்கள் யார்? அன்றாடக் கூலிகள். ஒரே தெருவில் வரிசையாகப் பிணங்கள். அவர்களை ஏசுவதால் யாருக்கு லாபம்? குடி ஒரு நோய். விட நினைப்பவனுக்குக் கை கொடுக்க வேண்டும். கேரள அரசின் விமுக்தி திட்டத்தில் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. வெட்கப்பட்டுத் தனியாகப் போகாமல் இருப்பவரோடு துணைக்குப் போக நம் சங்கத்தில் ஆள் இருக்கிறது. பெயரை வெளியே சொல்ல மாட்டோம்.

நாம் செய்ய வேண்டியவை

வெறும் பேச்சோடு கலைந்து போகக் கூடாது. நான்கு தீர்மானங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது: இந்த ஆண்டு எந்தக் குழுவை அமர்த்தினாலும், முன்பணம் கொடுக்கும்போதே அக்ரிமெண்டில் எழுதி வாங்க வேண்டும், குடியைப் புகழும் பாட்டு நம் மேடையில் இல்லை என்று. பாட்டுப் பட்டியலை ஒரு வாரம் முன்பே வாங்க வேண்டும். பேசிய தொகையைக் குறையாமல், அன்றிரவே, பணமாகக் கொடுக்க வேண்டும். புட்டியாக அல்ல! அவர்களுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் நம் பொறுப்பு.

இரண்டாவது: துண்டுச் சீட்டோடு நோட்டு அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். விருப்பப் பாட்டுக் கேட்கலாம். காசு கொடுத்து மேடையை வாங்கக் கூடாது. அன்பளிப்புத் தர ஆசைப்படுகிறவர் உண்டியலில் போடட்டும். அது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகும்.

மூன்றாவது: விழாக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு. வரி கொடுப்பது வீடு. வீட்டின் கணக்கு யார் கையில்? அவர்களுக்கு மேடையில் என்ன நடக்கிறது என்று கேட்க உரிமையுண்டு. குடிப் பாட்டை முதலில் இனம் கண்டு சொல்லப் போகிறவர்களும் அவர்கள்தான்.

நான்காவது, முக்கியமானது: நமக்கென்று ஒரு பாட்டுக் குழு. கிட்டங்கியில் வேலை செய்யும் பையன்களில் நன்றாகப் பறையடிப்பவன் இருக்கிறான். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளில் பாட்டெழுதுகிறவள் இருக்கிறாள். வில்லுப்பாட்டுத் தெரிந்த பெரியவர் இரண்டு பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கலைவாணர் ஊர்க்காரர்களுக்கு வில்லுப்பாட்டுக் கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்தா ஆள் வர வேண்டும்? கொடை இரவில் ஒரு மணி நேரம் நம் குழுவுக்கு ஒதுக்குங்கள். மூட்டையின் பாட்டு, வட்டிக்காரனின் பாட்டு, ரேஷன் வரிசையின் பாட்டு, அந்த 60,000 ரூபாயின் பாட்டு, எல்லாவற்றையும் அவர்கள் பாடட்டும். ஆடுகிற மெட்டில் பாடட்டும். ஜனங்கள் ஆடிக்கொண்டே கேட்கட்டும். முதல் ஆண்டு தாளம் தப்பும், சுருதி விலகும். அதனால் என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வரி நோட்டுத் திறக்கப்படுகிறது. அதற்கு முன் இந்த நான்கையும் வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்ப்புள்ளவர்கள் இங்கேயே எழுந்து சொல்லட்டும். பதில் சொல்லக் காத்திருக்கிறேன். தாய்மார்களும் கை தூக்க வேண்டும். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கக் கூடாது. பாட்டுக் குழுவில் சேர விரும்பும் பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒத்திகை புதன்கிழமை மாலை, சங்க அறையில்.